திருக்கை முள், கல்மீன், கூம்புச் சங்கு: கடல் விஷம் ஆயுதமாகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதையும் விளையாட்டும் எழுதுகிறவர்கள் கேட்கும் கேள்விகளும், வலையோடு வேலை செய்கிறவர்கள் கேட்கும் கேள்விகளும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: அந்த முள் எப்படி வேலை செய்கிறது? அது புரிந்தால், ஆயுதமாக அது ஏன் தோற்கிறது என்பதும், குத்து வாங்கியவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் சேர்ந்தே புரியும். அதனால் இரண்டுக்கும் இங்கே பதில் இருக்கிறது.

திருக்கை முள்ளைக் கம்பில் கட்டினால் விஷ ஈட்டி ஆகிவிடுமா?

ஆகாது. பாம்புக்கு இருப்பதுபோல விஷப்பையோ, பையிலிருந்து பல்லுக்குப் போகும் குழாயோ திருக்கைக்குக் கிடையாது. அதன் முள் பல்லைப் போன்ற கெட்டிப் பொருள். அடிப்பக்கம் நீளவாக்கில் இரண்டு பள்ளங்கள் ஓடும். விஷம் சுரக்கும் மெல்லிய சதை அந்தப் பள்ளங்களில்தான் இருக்கும். முள் முழுவதையும் வழவழப்பான ஒரு தோலுறை மூடியிருக்கும். முள் உடம்பில் ஏறும்போது உறை கிழிந்து, அந்தச் சதையும் சேர்ந்து நசுங்கி, விஷம் காயத்தில் கலக்கிறது. உறைக்கு அது ஒரு தடவை வேலை. ஒரு முறை ஏறி இறங்கிய முள்ளில் உறை பெரும்பாலும் காயத்துக்குள்ளேயே தங்கிவிடும். கரைக்கு வந்து காய்ந்து, தேய்ந்து, கழுவப்பட்ட முள்ளில் மிஞ்சுவது ரம்பப் பல் வைத்த எலும்பு மாதிரியான ஒரு துண்டுதான்.

விஷமும் தாங்குகிற சரக்கு இல்லை. மீன் முள் விஷங்கள் பெரும்பாலும் புரதங்கள். சூடு பட்டால் குலைந்துவிடும். சுடுநீர் வைத்தியத்துக்குப் பின்னால் இருக்கும் காரணங்களில் இதுவும் ஒன்று.

இன்னொரு விஷயமும் உண்டு. திருக்கை விஷம் எதிரியைச் சாய்ப்பதற்காக வந்ததல்ல. சுறா கடித்தால் உடனே வாயைத் திறக்க வைக்கும் அளவுக்கு வலியைக் கொடுப்பதே அதன் வேலை. உயிர்ச்சேதம் என்று வந்தால் அது பெரும்பாலும் முள் குத்திய இடத்தால் வருகிறது, விஷத்தால் அல்ல. 2006 செப்டம்பர் 4 அன்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கடலில், பேட் ரீஃப் என்ற இடத்தில் தொலைக்காட்சியில் வனவிலங்கு நிகழ்ச்சி நடத்திய ஸ்டீவ் இர்வின் இறந்தது முள் மார்பைத் துளைத்து இதயத்தைக் காயப்படுத்தியதால்தான்.

அப்படியானால் தீவுகளில் அதை ஏன் ஈட்டியில் கட்டினார்கள்?

உலோகம் இல்லாத இடத்தில் கிடைத்த மிகக் கூர்மையான, ரெடிமேட் முனை அதுதான். பசிபிக் தீவுகள் பலவற்றில் இரும்புத் தாது கிடையாது, பவளத்தாலான தாழ்தீவுகளில் நல்ல கல்கூடக் கிடைக்காது. அங்கே ஆயுதத்துக்குக் கையில் இருந்தவை தென்னை மரம், சுறாப் பல், திருக்கை முள் இவைதான். கிரிபாட்டி தீவுகளில் தென்னங்கட்டையின் இரு ஓரத்திலும் சுறாப் பல்லை வரிசையாகக் கட்டி வாள் செய்தார்கள். அதைத் தாங்கத் தேங்காய் நாரில் கெட்டியாக முடைந்த கவசம், தலைக்கு முள்ளம்பேத்தைத் தோலைக் காயவைத்துச் செய்த தொப்பி. அருங்காட்சியகங்களில் இந்தக் கவசங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவை விஷத்துக்காகச் செய்தவை அல்ல. கிழிபடாமல் இருப்பதற்காகச் செய்தவை.

முள்ளின் ஓரப் பற்கள் எல்லாம் பின்னோக்கி, அடிப்பக்கத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். உள்ளே போவது சுலபம், வெளியே இழுத்தால் சதையையும் கிழித்துக்கொண்டு வரும். அழுத்தினால் உடைந்து உள்ளேயே நிற்கும். ஆட்களுக்கு அச்சம் தந்தது இந்த உடைதல்தான். கிருமிக்கொல்லி மருந்தும் எக்ஸ்ரேயும் இல்லாத காலத்தில், உள்ளே தங்கிய ஒரு துண்டு சீழ் வைத்து ஆளை நாட்கணக்கில் படுக்கப் போட்டுவிடும்.

ஆனால் அதே குணம்தான் சண்டையில் குறையும். ஒரு குத்தோடு முனை போய்விடுகிறது. எலும்பில் பட்டால் சிதறுகிறது. கெட்டியான நார்க் கவசத்தில் பட்டால் பக்கவாட்டில் முறிகிறது. இரும்பு வந்ததும் தீவுக்காரர்கள் தயங்காமல் இரும்புக்கு மாறியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

விஷம் தடவிய ஈட்டி என்று பயணக் குறிப்புகளில் வருகிறதே?

பயத்தில் எழுதியவை அவற்றில் நிறைய. நன்றாகப் பதிவான ஒரு சம்பவத்தைப் பார்த்தாலே போதும். 1770 ஏப்ரல் 29 அன்று ஆங்கிலேயக் கடற்பயணி ஜேம்ஸ் குக்கின் ஆட்கள் ஆஸ்திரேலியாவின் இன்றைய பாட்டனி விரிகுடாவில் இறங்கியபோது, கரையிலிருந்த பூர்வகுடிகள் ஈட்டி எறிந்தார்கள். முனையில் பிசின்போல ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்து, கப்பலில் வந்த தாவரவியலாளர் ஜோசஃப் பேங்க்ஸ் விஷமாக இருக்கும் என்று சந்தேகப்பட்டார். அந்தச் சந்தேகத்தால் காட்டுக்குள் போகத் தயங்கியதாகக் குக்கே எழுதி வைத்திருக்கிறார். உண்மையில் அவை மீன் குத்தும் ஈட்டிகள். நாலு கிளை முனைகளிலும் கூரான மீன் எலும்பு. பிசின் அந்த எலும்பைக் கட்டையோடு ஒட்டுவதற்கு. அந்த விரிகுடாவில் திருக்கை அத்தனை மலிவாகக் கிடைத்ததால், குக் முதலில் அதற்கு வைத்த பெயரே திருக்கைத் துறைமுகம் என்ற பொருளில்தான் இருந்தது. அன்று எடுத்துப்போன ஈட்டிகளில் எஞ்சிய நான்கு, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி வசம் இருந்து, 2024இல் அந்த மக்களிடமே திரும்பின.

கிரேக்கக் கதையில் ஒடிசியஸ் திருக்கை முள் ஈட்டியால் செத்தாராமே, நடக்கக்கூடியதா?

நடக்கக்கூடியதுதான். அந்தப் பழங்கதையில் மகன் டெலிகோனஸ், தகப்பன் என்று தெரியாமலே குத்திவிடுகிறான். ஆழமான குத்துக் காயம், உள்ளே உடைந்த துண்டு, பிறகு சீழோ ரணஜன்னியோ (டெட்டனஸ்) வந்து சாவு என்று எழுதினால் எந்த மருத்துவரும் மறுக்க மாட்டார். குத்திய நொடியில் நுரை தள்ளிச் சாய்ந்தார் என்று எழுதினால் தவறு.

மத்திய அமெரிக்காவின் பழைய மாயா மக்களின் கல்லறைகளில் திருக்கை முள் இருப்பது ஏன்?

அங்கே அது சண்டைக்கு அல்ல. மாயா அரசர்களும் அரச குடும்பத்துப் பெண்களும் தெய்வத்துக்குத் தங்கள் ரத்தத்தைக் கொடுக்க, நாக்கு போன்ற உறுப்புகளைத் துளைத்துக்கொண்ட சடங்குக் கருவிகளில் திருக்கை முள் முக்கியமானது. கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே, காட்டுக்குள் இருக்கும் டிக்கால் நகரத்துக் கல்லறைகளிலும் அது கிடைத்திருக்கிறது. எலும்பைத் திருக்கை முள் வடிவில் செதுக்கி வைத்ததும் உண்டு. அரச குடும்பத்தார் தங்கள் உடம்பிலேயே ஏற்றிக்கொண்ட பொருள் அது. சுத்தம் செய்து காய்ந்த முள்ளில் வீரியமான விஷம் தங்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

திருக்கைவால் சவுக்கில் விஷம் உண்டா?

கிடையாது. வாலின் தோல் சொரசொரப்பானது. சில வகைகளில் சிறுசிறு முள்முடிச்சுகளும் இருக்கும். காய்ந்தால் பிரம்பைவிட வளைந்துகொடுத்து, பட்ட இடத்தில் தோலைக் கிழிக்கும். நம் பக்கத்திலும் இலங்கையிலும் அது தண்டனைக் கருவியாகப் பெயர் வாங்கியது இந்தக் கிழிப்பால்தான். பிலிப்பைன்ஸிலும் உண்டு, அங்கே பேய் பிசாசை விரட்டும் என்று வீட்டில் மாட்டி வைப்பார்கள். மனிதர்களை அடிப்பதற்கு மனிதர்கள் வைத்திருந்த கருவி அது. அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

திருக்கையில் ஆயுதத்துக்கு உண்மையிலேயே பயன்பட்ட பாகம் எது?

தோல். நாள்பட நின்றதும் அதுதான். ஜப்பானிய வாள்களின் கைப்பிடியில், மேலே சுற்றிய பட்டு நாடாவுக்கு அடியில் இருப்பது திருக்கைத் தோல். மணிமணியாக எழுந்து நிற்கும் அதன் மேற்பரப்பு நாடாவை நழுவ விடாது, கை வியர்த்தாலும் பிடி வழுக்காது.

கல்மீன் முள்?

மீன்களில் கடுமையான விஷம் இதற்குத்தான். முதுகில் 13 முட்கள், ஒவ்வொன்றின் இரு பக்கமும் விஷச் சுரப்பி. மிதித்தால் உறை கீழே தள்ளப்பட்டு, சுரப்பி அழுந்தி, விஷம் முள்ளின் பள்ளம் வழியாக மேலே பீறிடும். அதாவது மீன் தானாகக் குத்துவதில்லை. மிதிப்பவரின் எடைதான் அதை இயக்குகிறது. ஆளின் எடை அப்படியே ஒரு முள்ளின் மீது இறங்க வேண்டும், மீன் அசையாமல் கிடக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கடலடியிலிருந்து பிரித்து எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வழியில்லை. தூக்கிக்கொண்டு போகிறவருக்குத்தான் முதல் குத்து.

வலி பயங்கரமானது. பெரிய ஆளையும் கதற வைக்கும், மயக்கமும் வரலாம், காயத்தைச் சுற்றிச் சதை செத்துப்போவதும் உண்டு. ஆனால் அதனால் சாவு மிக அரிது. ஆஸ்திரேலியாவில் 1959 முதல் இதற்கு விஷமுறிவு மருந்து இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் பவளத் திட்டுகளிலும் கல்மீன் உண்டு. அங்கே வெறுங்காலோடு பாறையில் நடப்பதும், பாறைச் சந்தில் பார்க்காமல் கைவிடுவதும் கூடாது. சிங்கமீன் விஷயமும் இதேதான், கொஞ்சம் கடுமை குறைவு.

கூம்புச் சங்கின் ஈட்டிப் பல்லை எடுத்து…

இந்தக் கேள்விக்கு முழு வாக்கியம் தேவையில்லை, பதில் ‘ஆயுதமாகாது’ என்பதுதான். கூம்புச் சங்கு ஒரு கடல் நத்தை. அதன் பல் மயிரளவு மெல்லிய, உள்ளே துளை உள்ள ஊசி. விஷம் தனியாக ஒரு நீண்ட குழாயில் இருக்கிறது. குறி பார்த்து நீட்டும் தசை, பல்லை நிரப்பும் அழுத்தம், சுடும் வேகம் எல்லாம் உயிருள்ள நத்தையின் வேலை. பல்லை மட்டும் எடுத்தால் அது வெறும் பல்.

உயிருள்ள சங்கு ஆளைக் கொல்லக்கூடியது என்பது உண்மைதான். பெரிய கூம்புச் சங்கு வகைகளால் இறந்தவர்கள் இருக்கிறார்கள். விஷமுறிவு மருந்தும் கிடையாது. இறந்தவர்களில் பலர் அழகாக இருக்கிறதே என்று கையிலெடுத்தவர்கள், பையில் போட்டவர்கள். குறுகிய பக்கத்தைப் பிடித்தாலும் அகன்ற பக்கத்தைப் பிடித்தாலும் அதன் தும்பிக்கை எட்டும். ‘இந்தப் பக்கம் பிடித்தால் பாதுகாப்பு’ என்று சொல்வதை நம்பாதீர்கள்.

அதே விஷத்திலிருந்து மனிதர்கள் உருவாக்கிய நல்ல பொருள் ஒன்று உண்டு. கூம்புச் சங்கு விஷத்தின் ஒரு கூறைப் பார்த்துச் செய்த சிகோனோடைடு என்ற வலிமருந்துக்கு அமெரிக்கா 2004இல் அனுமதி கொடுத்தது. மார்ஃபினும் கேட்காத வலிக்கு, தண்டுவட நீருக்குள் நேராகச் செலுத்துகிறார்கள். பிலிப்பைன்ஸில் பிறந்த பல்டோமெரோ ஒலிவேராவின் ஆய்வுக் கூடத்தில் தொடங்கிய வேலை அது.

சொறிமீனின் (ஜெல்லி மீனின்) இழைகளைக் காயவைத்துத் தடவினால்?

சொறிமீனின் விஷம் திரவமாக வழிந்துகொண்டிருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உறைகளில், ஒவ்வொன்றிலும் சுருட்டி வைத்த ஒரு நூல். தொட்டதும் அது வெடித்துப் பாயும். இதே வகையைச் சேர்ந்த ஹைட்ரா என்ற சிறு நீர்வாழ் உயிரில் 2006இல் அளந்து பார்த்தபோது, பாய்வதற்கு எடுத்துக்கொண்ட நேரம் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அந்த உறைகள் யார் கை, யார் உடம்பு என்று பார்ப்பதில்லை. எடுப்பவர், காயவைப்பவர், பக்கத்தில் நிற்பவர் எல்லோருக்கும் ஒரே கொட்டுதான். கரையில் ஒதுங்கிக் காய்ந்துபோனதாகத் தெரியும் நீலக் குமிழிச் சொறியும் ஈரம் பட்டால் கொட்டும். பிள்ளைகள் அதைக் குச்சியில் சுற்றி விளையாடுவதைப் பார்த்தால் தடுத்துவிடுங்கள்.

கடல் பாம்பு, நீலவளைய ஆக்டோபஸ்?

இரண்டும் கடித்தால்தான் விஷம். இரண்டையும் உயிரோடு கையாள வேண்டியிருக்கும். கையாள்கிறவருக்கே ஆபத்து முதலில். மேலே பேச ஒன்றுமில்லை. கடித்தால் என்ன செய்வது என்பது கீழே வருகிறது.

திருக்கையைச் சாப்பிடலாம் என்றால் விஷம் எங்கே போகிறது?

விஷம் முள்ளின் உறையில் மட்டும்தான். சதையில் கிடையாது. வாலை வெட்டிய பிறகு திருக்கைக் குழம்பும் கருவாடும் நிம்மதியாகச் சாப்பிடலாம். பேத்தை மீன் வேறு கதை. அதன் ஈரலிலும் முட்டையிலும் இருக்கும் நஞ்சு கொதித்தாலும் போகாது.

கண்டெடுத்த காய்ந்த முள்ளை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

ஈட்டிபோல வைத்து விளையாடாவிட்டால் சரி. விஷம் போயிருந்தாலும் ரம்பப் பல்லும் அழுக்கும் இருக்கின்றன. உறை ஒட்டியிருக்கும் புது முள், ஐஸில் வைத்த செத்த மீனின் முள், இவை இரண்டும் குத்தினால் விஷம் ஏறும். செத்துவிட்டது, இனி ஒன்றும் செய்யாது என்று நினைத்துத்தான் ஏலக் கூடத்திலும் வெட்டும் மேடையிலும் பலர் குத்து வாங்குகிறார்கள். கெளிறு, ஓரா இரண்டிலும் இது அடிக்கடி நடக்கும். கெளிறுக்கு முதுகில் ஒன்று, இரு பக்கத் துடுப்பிலும் ஒவ்வொன்று என்று மூன்று முட்கள் விறைத்து நிற்கும். ஓராவுக்கு முதுகிலேயே 13.

வலையில் திருக்கை ஏறிவிட்டால் எப்படிக் கையாள்வது?

முள் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். வால் நுனியில் இருக்கும் என்று நினைப்பவர்கள் அதிகம். பெரும்பாலான வகைகளில் அது வாலின் நடுவை ஒட்டியோ, அடிப்பக்கத்துக்கு நெருங்கியோதான் இருக்கும். வௌவால் திருக்கைக்கு வால் தொடங்கும் இடத்திலேயே. பழைய முள் விழும் முன்பே புதியது முளைப்பதால் இரண்டு மூன்று முட்களும் இருக்கலாம். ஒன்றை வெட்டிவிட்டு நிம்மதி அடையக் கூடாது.

திருக்கை வாலைத் தன் முதுகுக்கு மேலாக முன்னோக்கி வீசும். அதனால் தலைப்பக்கம் நிற்பவரும் தப்ப மாட்டார். விட்டுவிடப் போகிறீர்கள் என்றால் படகில் ஏற்றவே வேண்டாம், தண்ணீரிலேயே வைத்துத் தூண்டில் கயிற்றை வெட்டிவிடுங்கள். ஏற்றியாக வேண்டும் என்றால், இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பலகையாலோ துடுப்பின் தட்டையாலோ வாலைத் தளத்தோடு அழுத்திப் பிடிக்க, மற்றவர் கட்டிங் பிளேயரால் முள்ளை அடியோடு நறுக்க வேண்டும். கையுறையையும் ரப்பர் பூட்சையும் நம்பாதீர்கள். பெரிய திருக்கை முள் இரண்டையும் துளைக்கும். நறுக்கிய முள்ளைத் தளத்தில் போடாதீர்கள், கரை மணலில் எறியாதீர்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு வையுங்கள்.

ஆழம் குறைந்த கலங்கல் தண்ணீரில் இறங்கி நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடக்க வேண்டும். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிவிடும். அங்கே பெரும்பாலும் மேலே மிதித்தால்தான் குத்தும்.

குத்திவிட்டது. முதல் அரை மணி நேரத்தில் என்ன செய்வது?

தண்ணீரை விட்டு வெளியே கொண்டுவந்து உட்கார வையுங்கள். வலியில் மயங்கித் தண்ணீரில் விழுவதும் ஆபத்துதான்.

முள் மார்பு, வயிறு, கழுத்து, இடுப்பு மடிப்பு ஆகிய இடங்களில் நிற்கிறதென்றால் பிடுங்காதீர்கள். அது உள்ளே ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம். சுற்றிலும் துணிச்சுருள் வைத்து அசையாமல் கட்டி, அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சுடுநீருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கை, கால் காயம் என்றால்:

முதலில் ரத்தத்தை அழுத்தி நிறுத்துங்கள். சுத்தமான தண்ணீரால் காயத்தை நன்றாக அலசி, மேலாகத் தெரியும் உறைத் துணுக்குகளை எடுத்துவிடுங்கள். ஆழமாக ஏறியதை நோண்ட வேண்டாம். அடுத்தது சுடுநீர். 42 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை உள்ள நீரில் காயம்பட்ட பகுதியை முழுக்க மூழ்க வைக்க வேண்டும். 30 நிமிடத்திலிருந்து 90 நிமிடம் வரை, வலி அடங்கும்வரை.

படகில் வெப்பமானி இருக்காது. ஒரு கணக்கு உதவும்: நம் கடல் நீர் ஏறக்குறைய 29 டிகிரி. கொதிக்கும் நீர் 1 லிட்டரோடு அந்தக் கடல் நீர் 4 லிட்டர் சேர்த்தால் 43 டிகிரிக்கு அருகில் வரும். மூன்று லிட்டர் மட்டும் சேர்த்தால் 46ஐத் தாண்டிவிடும், தோல் வெந்துபோகும். காயம்படாத கையையோ காலையோ முதலில் அதில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குத்துப்பட்ட இடம் மரத்துப்போயிருந்தால் சூடு தெரியாது. கடல் குத்தைவிடச் சூட்டுக்காயம் பெரிதாகிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீர் ஆறும், அப்போது காலை வெளியே எடுத்துவிட்டுத்தான் புதுச் சுடுநீரைச் சேர்க்க வேண்டும். கால் உள்ளே இருக்கும்போது கெட்டிலைச் சாய்க்காதீர்கள்.

கல்மீன், சிங்கமீன், கெளிறு, ஓரா, கடல் முள்ளெலி எல்லாவற்றுக்கும் இதே சுடுநீர்தான்.

சுடுநீர் எல்லாக் கடல் விஷத்துக்கும் பொருந்துமா?

பொருந்தாது, இங்கேதான் பெரிய குழப்பம் நடக்கிறது. கடல் பாம்பு, கூம்புச் சங்கு, நீலவளைய ஆக்டோபஸ் மூன்றும் நரம்பையும் தசையையும் செயலிழக்கச் செய்பவை. கடித்த இடத்தில் வலி பல சமயம் சொற்பமாகவோ இல்லாமலோ இருக்கும். வலி இல்லையே என்று வீட்டுக்குப் போகிறவர் சில நிமிடத்திலோ சில மணி நேரத்திலோ கண் இமை சரிந்து, பேச்சு குழறி, மூச்சுவிட முடியாமல் போகலாம். கடல் பாம்புக் கடியில் உடம்பெல்லாம் தசைவலியும், சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்திலும் வரும்.

இவற்றுக்கு அழுத்தக் கட்டு. 10 முதல் 15 சென்டிமீட்டர் அகலமுள்ள எலாஸ்டிக் பேண்டேஜால் கடிவாயின் மேல் ஒரு சுற்று, பிறகு விரலிலிருந்து தொடங்கி மேல்நோக்கிக் கை அல்லது கால் முழுவதும். சுளுக்குக்குக் கட்டும் இறுக்கம் போதும். நாடித் துடிப்பு நிற்கக் கூடாது. ஒரு கட்டையை வைத்துக் கட்டி அசைவைத் தடுங்கள். நடக்க விடாதீர்கள். மூச்சு நின்றால் செயற்கைச் சுவாசம் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். நீலவளைய ஆக்டோபஸ் கடியில் ஆள் முழு நினைவோடு இருந்தும் அசைய முடியாமல் இருப்பார், செயற்கைச் சுவாசம் தொடர்ந்தால் பிழைத்துக்கொள்வார். கைவிட்டுவிடாதீர்கள்.

நம் மருத்துவமனைகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு நிலப் பாம்புகளுக்காகச் செய்தது. கடல் பாம்புக்காகச் செய்ததல்ல. அதனால் கடல் பாம்பு என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். துடுப்புபோல் தட்டையான வால் அதன் அடையாளம்.

முள் குத்துக்கு இந்த அழுத்தக் கட்டைப் போடக் கூடாது. விஷத்தை ஓரிடத்தில் தேக்கி, அங்கே சதையைக் கூடுதலாகக் கெடுத்துவிடும்.

சொறிமீன் கொட்டினால்?

கடல் நீரால் அலசுங்கள். நல்ல தண்ணீரை முதலில் ஊற்றினால் வெடிக்காத உறைகளும் வெடிக்கும். மணலைப் போட்டுத் தேய்ப்பதும் அதையே செய்யும். ஒட்டியிருக்கும் இழைகளைச் சிறு இடுக்கியால் எடுங்கள். பெட்டி வடிவச் சொறிக்கு, அரை நிமிடம் வினிகர் ஊற்றுவது உறைகளைச் செயலிழக்கச் செய்யும். நீலக் குமிழிச் சொறிக்கு வினிகர் ஊற்றுவது பற்றி மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அதற்குக் கடல் நீரும் பிறகு 45 டிகிரிச் சுடுநீரில் 20 நிமிடமும் போதும். சிறுநீர் எதற்கும் உதவாது.

சுண்ணாம்பு, புகையிலை, மண்ணெண்ணெய்?

வேண்டாம். காயத்தைக் கீறிவிடுவதும், வாயால் உறிஞ்சுவதும், மேலே கயிறு இறுக்குவதும் வேண்டாம். கரையோர ஊர்களில் இந்த வைத்தியங்களோடு வருகிற கால்களில், விஷத்தால் கெட்டதைவிட அழுக்கால் கெட்டது அதிகமாக இருக்கும். பழைய ஆட்கள் தீயின் அருகே வைத்து ஒத்தடம் கொடுத்ததில் ஒரு நியாயம் இருந்தது, சூடு என்ற அளவில். ஆனால் தீயின் சூடு எத்தனை டிகிரி என்று யாருக்கும் தெரியாது.

வலி அடங்கிவிட்டது. மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

திருக்கைக் குத்து என்றால் கட்டாயம். ரணஜன்னி ஊசி போட வேண்டும். உள்ளே துண்டு தங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும்; முள் பெரும்பாலும் அதில் தெரியும். கடல் நீரில் இருக்கும் விப்ரியோ வகைக் கிருமிகள் ஒரே நாளில் காலைச் சிதைத்துவிடக்கூடியவை. ஈரல் நோய், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அதனால் உயிராபத்து வரை போகும். சிவப்பு மேல்நோக்கிப் பரவுவது, ரத்தநிறக் கொப்புளம், காய்ச்சல், காயத்துக்குப் பொருந்தாத கடும் வலி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலை விடியும்வரை காத்திருக்காதீர்கள். மூன்று நான்கு வாரம் கழித்தும் ஆறாத காயம் என்றால் உள்ளே துண்டு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள்.

கதையில் எழுதுகிறேன். நம்பும்படி எப்படி எழுதுவது?

திருக்கை முள்ளை மெதுவான காயமாக எழுதுங்கள். குத்திய நொடியில் கத்தல், ஒன்றரை மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலி, வெளுத்து நீலம்பாரித்து வீங்கும் கால். பிறகு ஒரு வாரம் கழித்து வரும் சீழில் கதையின் திருப்பத்தை வையுங்கள். கல்மீன் வேண்டுமென்றால் தற்செயலாக மிதிப்பவரை எழுதுங்கள். கூம்புச் சங்கு வேண்டுமென்றால், அழகைப் பார்த்துக் கையிலெடுத்த ஒரு குழந்தையோ சுற்றுலாப் பயணியோ. எதிரியின் கையில் இவற்றைக் கொடுத்தால், எதிரிதான் முதலில் காயப்பட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 118ஆம் பிரிவு, குத்தும் கருவி, நஞ்சு, விலங்கு ஆகியவற்றைக் கொண்டு காயப்படுத்துவதைத் தனியாகக் குறிப்பிடுகிறது. மீன் முள்தானே என்று யாரும் தப்ப முடியாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் வேளா மீன் (ரம்பம் போன்ற மூக்குள்ளது), கடற்குதிரை, கடல் அட்டை, பவளம், சில திருக்கை வகைகள் எல்லாம் வருகின்றன. வேளாக் கொம்பையோ அவற்றின் பாகங்களையோ வைத்திருப்பதே குற்றம்.

படகில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஒரு லிட்டர் கொதிநீர் பிடிக்கும் பிளாஸ்க், காலை மூழ்க வைக்கும் அளவு வாளி, 4 லிட்டர் அளவுக்குக் கோடு போட்ட குடம். 10 சென்டிமீட்டர் அகல எலாஸ்டிக் பேண்டேஜ் மூன்று. கட்டிங் பிளேயர், சிறு இடுக்கி, மூடியுள்ள பாட்டில், சுத்தமான துணி, அரை லிட்டர் வினிகர். தொலைபேசியில் பதிய வேண்டிய எண்கள்: கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல்படை 1554, கரையில் ஆம்புலன்ஸ் 108, இலங்கையில் 1990. பிளாஸ்கில் இருக்கும் நீர் மாலைக்குள் ஆறிவிடும். ஆறியிருந்தால் ஒன்றுக்கு நாலு என்ற கணக்கு பொருந்தாது. கடல் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, காயம்படாத கையால் சூடு பார்த்துக்கொண்டே கலக்குங்கள்.